பிரேக்கை அழுத்தினால் டெயில் லைட் மங்குகிறது, ஹாண்டிலைத் திருப்பினால் ஹெட்லைட் அணைகிறது: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கேள்வி

வணக்கம். என் மோட்டார் சைக்கிளின் விளக்குகளில், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாததுபோல் தோன்றும் சில கோளாறுகள் ஒரே சமயத்தில் வந்திருக்கின்றன. வண்டியைப் பார்த்த மெக்கானிக்குகள் பல்பையும் ஃபியூஸையும் மாற்றிக் கொடுத்தார்களே தவிர, காரணம் என்னவென்று யாரும் சொல்லவில்லை. மாற்றிய பிறகும் நிலைமை அப்படியேதான் இருக்கிறது.

ஹெட்லைட்டில் இருப்பது 12 வோல்ட், 35/35 வாட் ஹாலஜன் பல்பு. புதிய பல்பு போட்டும் அது வெள்ளையாக எரியாமல் மஞ்சளாகவே எரிகிறது; டிம்மில் வைத்தால் இன்னும் மோசம். ஹாண்டிலை இடது பக்கம் முழுவதுமாகத் திருப்பும்போது சில நேரங்களில் அணைந்துவிட்டு, நேராக்கியதும் மறுபடியும் எரிகிறது. இருட்டான சாலையில் திரும்பும்போது இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் இப்போதைக்கு இரவில் வண்டியை எடுப்பதை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

பின்பக்கத்தில் இருப்பது 21/5 வாட் இரட்டை இழைப் பல்பு. டெயில் லைட் எரிந்துகொண்டிருக்கும்போது பிரேக்கை அழுத்தினால், வெளிச்சம் கூடுவதற்குப் பதிலாக டெயில் லைட்டும் மங்கி, இரண்டு இழைகளும் சாம்பல் பூத்த கங்குபோல் சிவந்து நிற்கின்றன. இண்டிகேட்டர் போட்டால் அது மின்னும் வேகத்திலேயே டெயில் லைட்டும் துடிக்கிறது. எனக்குப் புரியவே புரியாதது இன்னொன்று: விளக்கு சுவிட்சை அணைத்துவிட்டு, சாவியை மட்டும் போட்டு பிரேக்கை அழுத்தினால், ஸ்பீடாமீட்டருக்குள் இருக்கும் சிறிய பல்பு மெலிதாக எரிகிறது. பின்னால் இருக்கும் பிரேக்குக்கும் முன்னால் இருக்கும் மீட்டர் பல்புக்கும் என்ன சம்பந்தம்?

என்னிடம் மல்டிமீட்டர் இருக்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டு அளந்தால் பேட்டரியில் 12.7 வோல்ட் காட்டுகிறது. பல்பைக் கழற்றிவிட்டு ஹெட்லைட் கப்ளரில் (பல்பில் செருகும் வயர் இணைப்பானில்) அளந்தால் 12.5 வோல்ட், டெயில் லைட் ஹோல்டரிலும் பல்பு இல்லாமல் அளந்தபோது அதே அளவுதான் வந்தது. பேட்டரியின் நெகட்டிவுக்கும் ஹோல்டரின் உடம்புக்கும் இடையே தொடர்பைச் சோதித்தால் மீட்டர் 'பீப்' என்று ஒலிக்கிறது. இவ்வளவும் சரியாக இருந்தால் வயரிங்கில் குறையில்லை என்றுதானே பொருள்? அப்படியென்றால் கோளாறு எங்கே இருக்கிறது?

முதல் மறுமொழி

உங்கள் அளவுகளில் தவறில்லை. ஆனால் மின்னோட்டம் ஓடாத நேரத்தில் எடுத்த அளவுகள் என்பதால், அவற்றை வைத்து வயரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் வோல்ட் அளக்கும்போது வயரிலிருந்து எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் ஏறத்தாழ ஒரு மைக்ரோ ஆம்பியர்தான். வயருக்குள் எல்லா இழைகளும் அறுந்து ஒரே ஒரு மெல்லிய இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும், டெர்மினல் முழுவதும் பச்சைக் களிம்பு பிடித்து ஊசி முனையளவு இடம் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும், அந்த மைக்ரோ ஆம்பியருக்கு அது தாராளமாகப் போதும், மீட்டர் 12.5 வோல்ட் காட்டிவிடும். 35 வாட் பல்போ ஏறத்தாழ 3 ஆம்பியர் கேட்கும். அது ஓடத் தொடங்கும்போதுதான் பழுதான இடத்தில் வோல்ட் விழும்.

'பீப்' ஒலியையும் நம்ப வேண்டாம். பல மீட்டர்களில் சில பத்து ஓம் தடை இருந்தால்கூட அந்த ஒலி வந்துவிடுகிறது. எரிந்துகொண்டிருக்கும் 35 வாட் பல்பின் தடையே ஏறத்தாழ 4 ஓம்தான் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வயரிங்கில் எங்காவது 1 ஓம் தடை புகுந்தாலே, பல்புக்கு வர வேண்டிய வோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மீட்டர் அப்போதும் 'பீப்' என்றுதான் சொல்லும்.

பின்பக்கத்துக் குறைகள் எல்லாமே ஒரே இடத்தைக் காட்டுகின்றன: டெயில் லைட்டின் எர்த். டெயில் இழை, பிரேக் இழை, பின் இண்டிகேட்டர்கள் எல்லாம் பெரும்பாலான வண்டிகளில் ஒரே எர்த் வயர் வழியாகத்தான் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்புகின்றன. அந்த வயரில் தடை ஏறிவிட்டால், 5 வாட் இழையின் சிறிய மின்னோட்டம் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். பிரேக்கை அழுத்தியதும் 21 வாட் இழையின் மின்னோட்டமும் அதே குறுகிய வழியில் சேர்கிறது. எர்த் வயரில் பல வோல்ட் விழுகிறது. அந்த வோல்ட் இரண்டு இழைகளுக்கும் கிடைக்காமல் போகிறது. இண்டிகேட்டர் மின்னும்போது டெயில் லைட் துடிப்பதும் இதனால்தான்.

மீட்டர் பல்பு எரிவதுதான் இதில் உறுதியான சாட்சி. எர்த் சரியாக இருந்தால் ஹோல்டரின் உடம்பு பூஜ்ய வோல்ட்டில் இருக்கும். எர்த் கெட்டுவிட்டதால், பிரேக்கை அழுத்தும்போது அந்த உடம்பே சில வோல்ட்டுக்கு உயர்ந்துவிடுகிறது. உயர்ந்த மின்னழுத்தம் வேறு வழி தேடும்: டெயில் இழையின் வழியாகப் பின்னோக்கி நுழைந்து, டெயில் லைட்டும் மீட்டர் பல்பும் சேர்ந்திருக்கும் வயரில் ஏறி, மீட்டர் பல்பின் வழியாக முன்பக்க எர்த்துக்குப் போய்ச் சேர்கிறது. மீட்டர் பல்பின் தடை டெயில் இழையின் தடையைவிட அதிகம் என்பதால், அந்த வோல்ட்டின் பெரும்பங்கு அதற்கே கிடைத்து மெலிதாக எரிகிறது.

இதை இப்படிச் சோதியுங்கள். பல்பை ஹோல்டரிலேயே விட்டுவிட்டு, மீட்டரை டிசி 20 வோல்ட் அளவில் வையுங்கள். கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலேயே வைக்க வேண்டும். அதில் மாட்டியிருக்கும் வயரின் டெர்மினலில் வைக்கக் கூடாது. சிவப்பு முனையை ஹோல்டரின் உடம்பில் வைத்து, வேறொருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் 4 அல்லது 5 வோல்ட் வரும் என்று எதிர்பார்க்கிறேன். வந்தால், ஒரு தனி வயரைப் பேட்டரி நெகட்டிவிலிருந்து ஹோல்டர் உடம்புக்குத் தற்காலிகமாகத் தொட்டுப் பாருங்கள். அந்த நொடியே பிரேக் லைட் பளிச்சென்று எரிந்தால் அதற்கு மேல் ஆராய ஒன்றுமில்லை.

இரண்டாம் மறுமொழி

பின்பக்கத்துக்கு மேலே சொன்னதே போதும். ஹெட்லைட்டைப் பார்ப்பதற்கு முன், ஒரு விஷயத்தை உறுதிசெய்துகொள்ள வேண்டும்: எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டால் ஹெட்லைட் எரிகிறதா? சில வண்டிகளில், முக்கியமாகப் பழைய, சிறிய எஞ்சின் வண்டிகளில், ஹெட்லைட்டுக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து வராமல், எஞ்சின் சுழலும்போது மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோ காயிலிலிருந்து ஏசியாக நேரடியாக வருகிறது. அப்படிப்பட்ட வண்டியில் எஞ்சின் ஓடினால்தான் ஹெட்லைட் எரியும், ஐட்லிங்கில் மங்குவது இயல்பு, டிசி அளவில் வைத்த மீட்டர் ஏறக்குறைய எதையுமே காட்டாது. எஞ்சின் நின்றிருக்கும்போதே கப்ளரில் 12.5 வோல்ட் கிடைத்திருப்பதால் உங்களுடையது டிசி வகை என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் இந்தத் திரியைப் படிக்கும் மற்றவர்கள் இதைப் பார்க்காமல் இறங்கினால் நல்ல வயரிங்கைத் தேவையில்லாமல் பிரித்துப்போட நேரும்.

பல்பை மாட்டி, எரியவிட்டு, கப்ளரின் பின்பக்கத்தில் வயர் நுழையும் இடத்தின் வழியாக மீட்டரின் மெல்லிய முனையைச் செலுத்தி அளவிடுங்கள். வயரின் மேலுறையைக் குத்தித் துளைக்க வேண்டாம். அந்தத் துளை வழியாக ஈரம் இறங்கி, பிற்காலத்தில் அதே இடத்தில் செம்பு அரித்துப்போகும். எஞ்சினை மிதமான வேகத்தில் ஓடவிட்டு நான்கு அளவுகளை எடுங்கள்: பேட்டரியின் இரு கம்பங்களுக்கு இடையே, பல்பின் இரு பின்களுக்கு இடையே, பேட்டரி பாசிட்டிவுக்கும் பல்பின் பாசிட்டிவ் பின்னுக்கும் இடையே, பல்பின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே. பின்னால் சொன்ன மூன்றையும் கூட்டினால் முதல் அளவு வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு முனை சரியாகத் தொடவில்லை.

கப்ளரைக் கழற்றும்போது கண்ணாலும் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியோ உருகியோ இருந்தாலும், உள்ளே இருக்கும் பின் நிறம் மாறி தளர்ந்திருந்தாலும், அளவு எடுப்பதற்கு முன்பே விடை கிடைத்துவிட்டது என்று பொருள். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

ஹாண்டில் திரும்பும்போது அணைவதற்குக் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான்: ஃபிரேமின் கழுத்துப் பகுதியில் வயர்க்கட்டு மடங்கி மடங்கி, மேலுறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு அறுந்திருக்கும். அந்த வயர்களை ஒவ்வொன்றாக இரு விரல்களுக்கு இடையே பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். நல்ல வயர் இழுபடாது. உள்ளே அறுந்த வயரின் மேலுறை மட்டும் அந்த இடத்தில் ரப்பர்போல் நீண்டு, சற்று ஒடுங்கும். விரலுக்கே தெரிந்துவிடும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சொன்னபடியே அளந்து பார்த்தேன். பிரேக்கை அழுத்தும்போது ஹோல்டரின் உடம்பில் 4.8 வோல்ட் இருக்கிறது. தனி வயரால் எர்த் கொடுத்ததும் பிரேக் லைட் முழு வெளிச்சத்தில் எரிந்தது. மீட்டர் பல்பு எரிவதும் இண்டிகேட்டரோடு டெயில் லைட் துடிப்பதும் அப்போதே நின்றுவிட்டன. எர்த் வயரைப் பின்தொடர்ந்து போனதில், சீட்டுக்கு அடியில் ஃபிரேமோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்த வளைய டெர்மினலுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே துருவும் பெயின்ட்டும் இருந்தன. அந்த டெர்மினலில் வயர் நுழையும் இடம் முழுவதும் பச்சைக் களிம்பு.

ஹெட்லைட்டின் அளவுகள், டிம்மில் வைத்து எடுத்தவை: பேட்டரியில் 13.8 வோல்ட், பல்பின் பின்களுக்கு இடையே 10.9, பாசிட்டிவ் பக்க இழப்பு 2.3, எர்த் பக்க இழப்பு 0.6. கூட்டினால் சரியாக 13.8 வருகிறது. சாவியை மட்டும் போட்டாலும் விளக்கு எரிகிறது, எனவே டிசி வகைதான். கழுத்துப் பகுதியில் ஒரு வயர் நீங்கள் சொன்னபடியே இழுபட்டது. அது டிம்முக்குப் போகும் வயர். இனி எதை முதலில் செய்வது?

முதல் மறுமொழி எழுதியவர்

அளவுகள் தெளிவாக இருக்கின்றன. நல்ல நிலையில் இருக்கும் வண்டியில் பாசிட்டிவ் பக்கமும் எர்த் பக்கமும் சேர்ந்து அரை வோல்ட் அளவில்தான் இழக்க வேண்டும். உங்கள் வண்டியில் 2.9 வோல்ட் போகிறது. ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டின் நேர்விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட மிக வேகமாகக் குறையும்: வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைகிறது. 10.9 வோல்ட்டில் உங்களுக்குக் கிடைப்பது அந்தப் பல்பு தர வேண்டிய வெளிச்சத்தில் சுமார் பாதிதான். எத்தனை புதிய பல்பு போட்டாலும் மஞ்சளாகவே எரிந்ததற்குக் காரணம் இதுவே.

பாசிட்டிவ் பக்கத்தின் 2.3 வோல்ட்டைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். விளக்கு எரியும்போது ஹாண்டிலில் இருக்கும் டிம்-பிரைட் சுவிட்சின் உள்ளே வரும் வயருக்கும் வெளியே போகும் வயருக்கும் இடையே அளந்து பாருங்கள். டிம்மில் மட்டும் அதிகம் மங்குகிறது என்றீர்கள். அறுந்த வயரும் டிம் வயர்தான் என்பதால் அதற்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் சுவிட்சையும் விட்டுவைக்க முடியாது. அங்கே 1.8 வோல்ட் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்தச் சிறிய தகட்டில் 4 வாட்டுக்கு மேல் வெப்பமாக எரிந்துகொண்டிருக்கிறது. சிறிது நேரம் விளக்கு எரிந்த பிறகு சுவிட்சைத் தொட்டால் கதகதப்பு தெரியும்.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சைப் பிரிக்கும்போது உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங்கும் குண்டும் தெறித்து ஓடும். பெரிய ஒளிபுகும் பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுக்கொண்டே பிரித்தால் எதுவும் தொலையாது. செம்புத் தகடுகளைக் கான்டாக்ட் கிளீனரால் கழுவி, மிக நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் போதும். அழுத்தித் தேய்த்தால் தகடு மெலிந்து மறுபடியும் சரியாகத் தொடாது. பெட்ரோல் ஊற்றிக் கழுவ வேண்டாம்: சில பிளாஸ்டிக்குகள் அதில் இளகிவிடும், தீ அபாயமும் உண்டு.

பின்பக்க எர்த்துக்குப் பழைய டெர்மினலையே சுரண்டி மாட்டாதீர்கள். களிம்பு வயருக்குள்ளும் ஏறியிருக்கும். செம்பு பளிச்சென்று தெரியும் வரை வயரை வெட்டிவிட்டு, புதிய வளைய டெர்மினல் போட்டு அழுத்திக் கிரிம்ப் செய்யுங்கள். ஃபிரேமில் அது உட்காரும் இடத்தில் பெயின்ட்டை நீக்கி, பல் வாஷர் வைத்து முடுக்கி, முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள்.

மூன்றாம் மறுமொழி

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. பேட்டரியிலிருந்து நேராகத் தடிமனான வயர் இழுத்து, ஒரு ரிலேயை (சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்சை) வைத்துவிட்டால், சுவிட்சின் வழியாக ரிலே காயிலுக்கான சிறிய மின்னோட்டம் மட்டுமே போகும். பல்புக்கு முழு வோல்ட் கிடைக்கும். பழைய சுவிட்சைச் சுத்தம் செய்தாலும் மழைக்காலத்தில் மறுபடியும் களிம்பு பிடிக்கத்தான் போகிறது.

இரண்டாம் மறுமொழி எழுதியவர்

ரிலே நல்ல ஏற்பாடுதான்; 55/60 வாட் பல்பு உள்ள வண்டியாக இருந்தால் நானும் அதையே சொல்வேன். ஆனால் கழுத்தில் அறுந்திருக்கும் வயரைச் சரிசெய்யாமல் ரிலே வைத்தால், ரிலேயின் காயிலுக்குப் போகும் மின்னோட்டமும் அதே அறுந்த வயர் வழியாகத்தான் போகும். இப்போது மங்கி எச்சரிக்கிற விளக்கு, அப்போது எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் திருப்பத்தில் முழுவதுமாக அணையும். எனவே பழுதை நீக்கிய பிறகு ரிலே வேண்டுமா என்று முடிவு செய்யலாம். வைப்பதாக இருந்தால் 30-ஆம் எண் பின்னுக்குப் பேட்டரியிலிருந்து வரும் வயரில், பேட்டரிக்கு மிக அருகிலேயே ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டும். 87-ஆம் எண் பின்னிலிருந்து பல்புக்குப் போகும், 85, 86 இரண்டும் காயிலுக்கு. டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி ரிலே தேவை.

அறுந்த வயருக்கு வருகிறேன். அறுந்த இடத்திலேயே முறுக்கி, சால்டர் வைத்து, டேப் சுற்றுவதுதான் வழக்கமாக நடக்கிறது, அது நிலைக்காது. சால்டர் இழைகளுக்குள் ஊறி வயரை விறைப்பாக்கிவிடும். ஹாண்டில் திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்த விறைப்பு முடியும் விளிம்பில் மடங்கி, அங்கேயே மறுபடி அறும். மடங்கும் பகுதி முழுவதற்கும் புதிய நெகிழ்வான வயரைப் போட்டு, இணைப்புகள் இரண்டும் மடங்காத இடத்தில் வருமாறு அமைத்து, கிரிம்ப் செய்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் உறை) போடுங்கள். பிறகு ஹாண்டிலை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பி, எந்த வயரும் விறைத்து இழுபடவில்லை, கேபிள்களுக்கு நடுவே நசுங்கவில்லை என்று பார்த்த பிறகே கட்டுங்கள். கழுத்துப் பகுதியில் பிளாஸ்டிக் டையை இறுக்கிக் கட்டியதாலேயே வயர் அறுந்த வண்டிகள் பல.

நான்காவது பங்கேற்பாளர்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும், இதே பொருளை ஒட்டிய சந்தேகம்தான். என் வண்டியில் பிரேக்கை அழுத்தினால் எப்போதாவது 10 ஆம்பியர் ஃபியூஸ் போய்விடுகிறது. ஒவ்வொரு முறையும் ஃபியூஸ் போட்டுப் போட்டுச் சோதிக்க வேண்டியிருக்கிறது. 20 ஆம்பியர் போட்டுவிட்டுத் தேடலாமா?

முதல் மறுமொழி எழுதியவர்

கூடவே கூடாது. ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. 20 ஆம்பியர் ஃபியூஸ் போகாமல் நிற்கும் நேரத்தில் மெல்லிய வயர் சூடேறி, பக்கத்து வயர்களின் மேலுறையையும் உருக்கி, சீட்டுக்கு அடியில் தீயாகக்கூட முடியலாம்.

ஃபியூஸைக் கழற்றிவிட்டு, அதன் இரு முனைகளுக்கும் இடையே ஒரு 21 வாட் பல்பை வயர் வைத்து மாட்டுங்கள். ஷார்ட் ஆனாலும் மின்னோட்டம் 2 ஆம்பியருக்குள்ளேயே நிற்கும், எதுவும் கருகாது. பிரேக்கை அழுத்துங்கள். வயரிங் நன்றாக இருந்தால், மாட்டிய பல்பும் பிரேக் பல்பும் வோல்ட்டைப் பங்கிட்டுக்கொண்டு இரண்டுமே மங்கலாக எரியும். ஷார்ட் இருந்தால், பிரேக் பல்பு எரியாமல் மாட்டிய பல்பு மட்டும் முழு வெளிச்சத்தில் எரியும். அது எரிந்துகொண்டிருக்கும்போதே வயர்க்கட்டைப் பின்னாலிருந்து முன்னோக்கி ஒவ்வோர் இடமாக அசைத்துப் பாருங்கள். எந்த இடத்தை அசைக்கும்போது அந்தப் பல்பு சட்டென்று மங்குகிறதோ அங்கேதான் வயர் உரசுகிறது. பின் மட்கார்டில் வயர் நுழையும் துளையின் விளிம்பு, சைலன்ஸருக்குப் பக்கத்தில் போகும் பின் பிரேக் சுவிட்சின் வயர், சீட் உட்காரும்போது நசுங்கும் இடம் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள்.

கேட்டவர்

சுவிட்சைப் பிரித்துச் சுத்தம் செய்து, கழுத்தில் வயரை மாற்றி, எர்த் இரண்டையும் புதிதாகப் போட்டுவிட்டேன். சுத்தம் செய்வதற்கு முன் சுவிட்சில் மட்டும் 1.6 வோல்ட் விழுந்தது, இப்போது 0.1. பல்பின் பின்களுக்கு இடையே 13.3 வோல்ட் கிடைக்கிறது. விளக்கு வெள்ளையாக எரிகிறது, ஹாண்டிலைத் திருப்பினாலும் அணையவில்லை. ரிலே இப்போதைக்குத் தேவைப்படாது என்று நினைக்கிறேன். வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

இரண்டாம் மறுமொழி எழுதியவர்

எஞ்சினை 5000 ஆர்பிஎம் அளவுக்கு ஏற்றி, பேட்டரியில் ஒரு முறை அளந்துவிடுங்கள். 14.5 வோல்ட்டுக்குள் நின்றால் நல்லது. 15-ஐத் தாண்டினால், சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபயர் கெட்டுவிட்டது என்று பொருள். அல்லது ரெகுலேட்டரின் எர்த் சரியில்லை. இதுவரை வயரிங்கில் 2.9 வோல்ட் வீணானதால், அப்படியொரு கோளாறு இருந்திருந்தாலும் பல்பு தாக்குப்பிடித்திருக்கும். இனி முழு வோல்ட்டும் பல்புக்குப் போய்ச் சேரும் என்பதால், அந்த அளவைப் பார்த்துவிட்டு இரவில் வண்டியை எடுங்கள்.